முப்பத்தொரு நாட் கொழுந்து

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியின் இருமருங்கும் மலைச்சரிவுகளில் தேயிலை படர்ந்து கிடக்கிறது. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலையேறும் பெண்கள், கூடை நிரம்பியதும் கொழுந்து மடுவத்துக்கு வந்து சேருகிறார்கள். தராசு நிறையைக் காட்டுகிறது; கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்கிறார். அன்றைய உழைப்பு முழுப்பேரா, அரைப்பேரா என்பதை அந்த ஓர் எண் தீர்மானித்துவிடுகிறது. ஊவாத் தோட்டங்களில் எண் என்பது ஏட்டுச் சரக்கு அன்று. அன்றாட உலையில் எத்தனை பிடி அரிசி விழும் என்பதைச் சொல்வது அதுவே.

அத்தகைய மடுவம் ஒன்றில் ஒருநாளும் நடக்கவியலாத கணக்கொன்றைக் கற்பனை செய்துகொள்வோர், எண்களின் உலகிலேயே மிகவும் புகழ்பெற்ற ஓர் எண்ணைச் சந்திக்கலாம். ஒரு பெண் மாதத்தின் முதல் நாள் ஒரே ஒரு கொழுந்து கிள்ளுகிறாள். இரண்டாம் நாள் இரண்டு. மூன்றாம் நாள் நான்கு. நாலாம் நாள் எட்டு. இவ்வாறு நாளுக்கு நாள் இரட்டித்துக்கொண்டே போகிறாள். பத்தாம் நாள் அவள் கிள்ளுவது 512 கொழுந்து. அது கைக்கடங்கிய கணக்கு. இருபதாம் நாள் ஐந்து இலட்சத்தைத் தாண்டுகிறது. முப்பத்தோராம் நாளிலோ 1,073,741,824. அதாவது நூற்றேழு கோடிக்கும் மேல். அம்மாதம் முழுவதும் கிள்ளிய கொழுந்தை ஒன்றாகக் கொட்டி எண்ணினால் 2,147,483,647 என்று வரும். இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு.

இந்தக் கூட்டலை நீளமாகச் செய்ய வேண்டியதில்லை. முதல் மூன்று நாளின் கொழுந்து ஒன்று, இரண்டு, நான்கு, மொத்தம் ஏழு. நாலாம் நாளுக்குரிய எட்டைவிட அது ஒன்று குறைவு. எந்த நாளில் நிறுத்தினாலும், அதுவரை சேர்ந்த மொத்தம் மறுநாளுக்குரிய அளவைவிடச் சரியாக ஒன்று குறைந்தே நிற்கும். ஆகையால் முப்பத்தொரு நாளின் மொத்தம், முப்பத்திரண்டாம் நாளின் கொழுந்தில் ஒன்று குறைத்ததாகும். இரண்டை முப்பத்தொரு முறை எழுதிப் பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தாலும் இதே எண்தான்.

இப்பொழுது ஒரு கேள்வி. இவ்வளவு கொழுந்தையும் மீதமின்றிச் சமமாகப் பங்கிட வேண்டும். எத்தனை கூடைகளில் பங்கிடலாம்?

விடை வியப்புக்குரியது. எத்தனை கூடை கொண்டுவந்தாலும் பங்கிட முடியாது. இரண்டு கூடையானாலும், ஏழானாலும், ஆயிரத்தொன்றானாலும் ஏதாவது மிஞ்சும். ஒரே கூடையில் எல்லாவற்றையும் போடலாம். அல்லது கொழுந்துக்கு ஒரு கூடை வைக்கலாம். மூன்றாவது வழி கிடையாது. இவ்வியல்புடைய எண்ணைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பகா எண் என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் முதன்மை எண் என்கின்றன. இரண்டும் நல்ல பெயர்களே. பகுக்கப்படாதது என்பது ஒன்று. மற்ற எண்களுக்கெல்லாம் முதலாக நிற்பது என்பது மற்றொன்று.

தோட்டத்தில் கன்று நட்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பன்னிரண்டு கன்றுகளை மூன்று நிரையாக நடலாம், நான்கு நிரையாகவும் நடலாம். ஒன்பதை மும்மூன்றாக நடலாம். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே புகையிரதத்தைத் தாங்கி நிற்கும் ஒன்பது வளைவுப் பாலத்தின் வளைவுகளை மூன்று மூன்றாகப் பிரித்து எண்ணலாம். ஆனால் பதினொரு கன்றை ஒரே நீண்ட நிரையாக நடுவதன்றி வேறு வகையில் ஒழுங்கான நிரைகளாக நடமுடியாது. பதின்மூன்றும் பதினேழும் அத்தகையனவே. இவை பகா எண்கள். பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதை யூக்கிளிட் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே நிறுவிவிட்டார். பதினொன்று பகா எண் என்பதை ஒரு சிறுவன் கூழாங்கற்களை வைத்துக் கண்டுவிடுவான். இருநூற்றுப் பதினான்கு கோடிக்கு மேற்பட்ட ஓர் எண் பகா எண் என்பதை யார், எப்படிக் கண்டார்கள்? அதுவே இக்கணக்கின் சுவையான பகுதி.

முதலில், முப்பத்தொரு நாள் என்ற அளவு தற்செயலானதா என்று பார்க்கவேண்டும். தமிழ் மாதங்கள் இருபத்தொன்பது நாள் முதல் முப்பத்திரண்டு நாள் வரை வருவன. முப்பது நாள் மாதமொன்றில் இதே பெண் இதே முறையில் கொழுந்து கிள்ளினால் என்ன ஆகும்? முப்பது நாளை ஐந்தைந்து நாளாக ஆறு கூறாக்கலாம். முதல் ஐந்து நாளின் கொழுந்து 31. அடுத்த ஐந்து நாளில் ஒவ்வொரு நாளின் அளவும் முன்னதைப்போல் 32 மடங்கு. ஆகவே அக்கூறின் மொத்தம் 31இன் 32 மடங்கு. பின்வரும் கூறுகளும் அவ்வாறே. எல்லாக் கூறுகளும் 31 ஆல் வகுபடுவதால் மாத மொத்தமும் 31 ஆல் வகுபடும். நாட்களைச் சமமாகக் கூறுபோட முடிந்தால் கொழுந்தையும் கூறுபோட முடியும் என்பது இதனால் விளங்கும். முப்பத்திரண்டு நாள் மாதத்தின் மொத்தமோ 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்து எண்களின் பெருக்கமாகச் சிதறிவிடுகிறது. மொத்தம் பகா எண்ணாக வேண்டுமானால் நாட்களின் எண்ணிக்கையும் பகா எண்ணாக இருந்தே தீரவேண்டும்.

அப்படியாயின் மார்கழி? இருபத்தொன்பது நாள் மார்கழிக்கு உண்டு. 29 பகா எண்தான். ஆயினும் அந்த மாதத்தின் மொத்தமாகிய 536,870,911 ஏமாற்றிவிடுகிறது. அதை 233 கூடைகளில் மீதமின்றிப் பங்கிடலாம். 1,103 கூடைகளிலும் பங்கிடலாம். 2,089 கூடைகளிலும் பங்கிடலாம். அம்மூன்றின் பெருக்கமே அது. நாட்களின் எண்ணிக்கை பகா எண்ணாயிருத்தல் தேவை. அது மட்டும் போதாது. முப்பத்தொன்று வரை பகா எண்களாகிய நாட்கள் பதினொன்று உண்டு. அவற்றுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31 என்ற எட்டு நாட்களின் மொத்தங்கள் பகா எண்கள். 11, 23, 29 என்ற மூன்றும் தவறிவிடுகின்றன. எது தேறும், எது தவறும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் சூத்திரம் எதுவும் இன்றுவரை கிடைத்திலது. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தே அறியவேண்டும்.

பிரான்சு தேசத்துத் துறவியான மாரின் மெர்சென் 1644 இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 நாள் வரை எந்தெந்த நாட்களின் மொத்தம் பகா எண்ணாகும் என்பது அதன் பொருள். அப்பட்டியலில் 31 இருந்தது. ஆனால் நிறுவுதல் எதுவும் உடனிருக்கவில்லை. இவ்வகை எண்களுக்கு இன்று மெர்சென் எண்கள் என்றே பெயர். பெயர் அவருடையது, உழைப்பு பிறருடையது.

31க்கு நிறுவுதல் தந்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து, ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த லியோன்ஹார்ட் ஓய்லர். ஆண்டு 1772. அப்பொழுது அவருக்கு வயது அறுபத்தைந்து. கண்பார்வை ஏறத்தாழ முழுவதும் போய்விட்டிருந்தது. ஒரு பெரிய எண்ணைப் பகா எண் என்று காட்ட, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் அதனை வகுத்துப் பார்த்தல் பழைய வழி. இங்கே வர்க்கமூலம் 46,340 ஐச் சற்றுக் கடந்தது. அதற்குக் கீழே ஏறக்குறைய 4,800 பகா எண்கள் உண்டு. அத்தனை வகுத்தலையும் பார்வையிழந்த ஒருவர் மனத்தில் செய்யமுடியுமா? ஓய்லர் வகுத்தலைக் குறைக்கும் வழியைக் கண்டார்.

அவ்வழியைத் தெமோதரைப் புகையிரத நிலையத்தை நினைவில் வைத்துக்கொண்டு விளக்கலாம். பதுளைக்குப் போகும் வண்டி அந்நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, தான் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தின் வழியே வெளிப்படுகிறது. கொழுந்துக் கணக்கிலும் அத்தகைய சுற்று உண்டு. மாத மொத்தத்தை மீதமின்றிப் பங்கிடும் கூடை எண்ணிக்கை ஒன்று இருப்பதாகவும், அது பகா எண் என்றும் வைத்துக்கொள்க. ஒவ்வொரு நாளின் கொழுந்தையும் அத்தனை கூடைகளில் பங்கிட்டு மிஞ்சுவதை மட்டும் குறித்துக்கொண்டே வரவேண்டும். முதல் நாள் மிஞ்சுவது ஒன்று. முப்பத்திரண்டாம் நாளின் கொழுந்து, மாத மொத்தத்தைவிட ஒன்று கூடியது; மாத மொத்தம் மீதமின்றிப் போய்விடுவதால் அன்றும் மிஞ்சுவது ஒன்றே. வண்டி புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. அந்தச் சுற்றின் நீளம் 31. அது பகா எண்ணாதலால் அதைவிடக் குறுகிய சுற்று இருக்கவும் முடியாது.

இனி, ஃபெர்மா என்ற பிரெஞ்சு அறிஞர் கண்ட உண்மை ஒன்று துணைக்கு வருகிறது. கூடைகளின் எண்ணிக்கை பகா எண்ணானால், அதில் ஒன்று குறைத்தால் வரும் எண்ணுக்குள் இச்சுற்று முழு முறைகளாக அடங்கவேண்டும் என்பது அது. ஆகவே ஒன்று குறைத்த எண் 31 ஆல் வகுபடும். கூடைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை ஆதலால், ஒன்று குறைத்தது இரண்டாலும் வகுபடும். இரண்டும் சேர்ந்தால் 62. மொத்தத்தைப் பங்கிடக்கூடிய எண், 62இன் மடங்கைவிட ஒன்று கூடியதாகத்தான் இருக்கமுடியும். மார்கழிக் கணக்கிலும் இவ்விதி பொய்க்கவில்லை. அங்கே 62க்குப் பதிலாக 58; ஐம்பத்தெட்டை நான்கால் பெருக்கி ஒன்று கூட்டினால் 233.

ஓய்லர் மற்றொரு வடிகட்டியும் பயன்படுத்தினார். பங்கிடும் எண்ணை எட்டால் வகுத்தால் மிஞ்சுவது ஒன்று அல்லது ஏழாக இருக்கவேண்டும். இரு வடிகட்டிகளையும் கடந்து வருவன நானூறுக்கும் குறைவான எண்களே. அவற்றுள்ளும் பகா எண்கள் சிலவே. முதலாவது 311. தாளும் பென்சிலும் கையிலுள்ளோர் வகுத்துப் பார்க்கலாம்; 35 மிஞ்சும். இப்படி ஒவ்வொன்றையும் சோதித்து, எல்லாவற்றிலும் ஏதாவது மிஞ்சக் கண்டபின்னரே 2,147,483,647 பகா எண் என்று ஓய்லர் அறிவித்தார். அக்காலத்தில் அறியப்பட்ட பகா எண்களுள் இதுவே பெரியது. பல தலைமுறைகளுக்கு இதனை மிஞ்சுவது எதுவும் கிடைக்கவில்லை.

இவ்வெண்ணோடு இணைந்த மற்றோர் அழகும் உண்டு. 28 என்ற எண்ணை மீதமின்றி வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 4, 7, 14. இவற்றைக் கூட்டினால் 28 திரும்ப வரும். இத்தகைய எண்ணை நிறைவெண் என்பர். மூன்று நாட் கொழுந்தின் மொத்தம் ஏழு. மூன்றாம் நாளின் கொழுந்து நான்கு. இரண்டையும் பெருக்கினால் இதே 28. ஐந்து நாளுக்குச் செய்தால் 31 பெருக்கல் 16, அதாவது 496, அதுவும் நிறைவெண். மொத்தம் பகா எண்ணாகும்போதெல்லாம், அம்மொத்தத்தைக் கடைசி நாளின் கொழுந்தால் பெருக்கினால் நிறைவெண் பிறக்கும். இது யூக்கிளிட் நிறுவிய விதி. முப்பத்தொரு நாளுக்குரிய நிறைவெண் 2,305,843,008,139,952,128. பத்தொன்பது இலக்கங்கள்.

1811 இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலக் கணித நூலாசிரியர் இந்த நிறைவெண்ணைப்பற்றி ஒரு தீர்ப்புக் கூறினார். இதனினும் பெரியதை எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்பதும், வெறும் விந்தையன்றி யாதொரு பயனும் இல்லாத இவற்றைத் தேட எவரும் முன்வரமாட்டார் என்பதும் அவர் கருத்து. இரண்டும் பொய்த்தன. 1876 இல் எடுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர், 127 நாளின் மொத்தமாகிய முப்பத்தொன்பது இலக்க எண் பகா எண் என்று காட்டினார். 1883 இல் ரஷ்யாவின் கிராமப்புறப் பாதிரியாரான இவான் பெர்வூஷின், 61 நாளின் மொத்தத்தை நிறுவினார். மெர்சென் தம் பட்டியலில் விட்டுவிட்ட எண் அது. பயனில்லை என்ற வார்த்தை எவ்வாறு பொய்த்தது என்பது பின்னர் வருகிறது. அதற்குமுன், மெர்சென் பட்டியலில் நேர்ந்த மற்றொரு பிழையைச் சொல்லவேண்டும்.

67 நாளின் மொத்தம் பகா எண் என்று மெர்சென் எழுதியிருந்தார். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது மறுக்கப்படாமல் இருந்தது. லூக்கா 1876 இல் அது பகா எண் அன்று என்று காட்டினார். ஆனால் எந்த எண்ணால் பங்கிடலாம் என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை. 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டமொன்றில் பிராங்க் நெல்சன் கோல் என்ற பேராசிரியர் உரையாற்ற எழுந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. கரும்பலகையின் ஒருபக்கத்தில் இரண்டை அறுபத்தேழு முறை பெருக்கி ஒன்று கழித்தார். மறுபக்கத்தில் 193,707,721 என்பதையும் 761,838,257,287 என்பதையும் எழுதிப் பெருக்கினார். இருபக்கத்திலும் ஒரே விடை நின்றது: 147,573,952,589,676,412,927. சபை எழுந்து கைதட்டியது என்று கணித வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்த இரு எண்களையும் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் பிடித்தது என்று பின்னர் கேட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல்.

பெருக்கிக் காட்டச் சில நிமிடம். பிரித்துக் காண மூன்று ஆண்டின் ஓய்வு நாட்கள். பகா எண்களின் இன்றைய பயன் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. பெருக்குதல் கொழுந்தைக் கூடையில் போடுவதுபோல் எளிது. பெருக்கிய இரண்டையும் திரும்பப் பிரித்தெடுத்தல், அரைத்துப் பொதியிட்ட தேயிலையைப் பார்த்து இன்ன கூடையிலிருந்து வந்தது என்று சொல்வதுபோல் அரிது.

1977 இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர் இவ்வேறுபாட்டைப் பூட்டாக மாற்றினர். இரண்டு மிகப் பெரிய பகா எண்களைப் பெருக்கி, வந்த எண்ணை உலகறிய வெளியிடலாம். எவரும் அதனைக் கொண்டு ஒரு செய்தியைப் பூட்டலாம். திறப்பதற்கு அந்த இரு பகா எண்களும் தெரிந்திருக்கவேண்டும். அவை சொந்தக்காரருக்கு மட்டுமே தெரியும். அறுநூறுக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண்கள் இதற்குப் பயன்படுகின்றன. 2020 இல் 250 இலக்க எண்ணொன்றைப் பிரித்தெடுக்க, ஆயிரக்கணக்கான கணினிகள் ஒருங்கே பாடுபட வேண்டியிருந்தது. புதிய வகைப் பூட்டுகளுள் ஒன்று, கொழுந்துக் கணக்குக்கு மிக நெருங்கிய உறவுடையது. இரண்டை 255 முறை எழுதிப் பெருக்கி, ஒன்றுக்குப் பதிலாகப் பத்தொன்பதைக் கழித்தால் எழுபத்தேழு இலக்கப் பகா எண் ஒன்று வரும். கைத்தொலைபேசியில் அனுப்பும் செய்திகள் பலவற்றைக் காக்கும் பூட்டு அவ்வெண்ணின்மேல் அமைந்தது.

இது பதுளைக்கு அந்நியமான செய்தி அன்று. லுணுகலையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் லயங்களில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கின்றனர். மகள் அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது என்ற செய்தி தாயின் கைத்தொலைபேசியில் ஒலிக்கிறது. அப்பணம் கடல்கடந்து வரும் வழியில் இடையில் நிற்போர் எவரும் அதன் கணக்கைத் திருத்தாதபடி காவல் நிற்பவற்றுள், பகுக்கப்படாத எண்களும் அடங்கும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் பார்லோ பயனற்றவை என்ற எண்களின் உறவினரே ஒரு குடும்பத்தின் மாதச் செலவைக் காக்கின்றனர். ஓய்லரின் எண்ணோ இன்றைய பூட்டுக்குப் போதாத அளவு சிறியது. அதைச் சோதிக்க ஒரு சாதாரணக் கைத்தொலைபேசிக்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும்.

பூட்டுச் செய்யவேண்டுமானால் புதிய புதிய பகா எண்கள் தட்டுப்பாடின்றிக் கிடைக்கவேண்டும். கிடைக்குமா என்ற ஐயத்தை நீக்கியவர்களுள் தமிழகம் தந்த சீனிவாச இராமானுசனும் ஒருவர். எந்த எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் இடையே ஒரு பகா எண்ணாவது உண்டு என்ற உண்மையை ரஷ்ய அறிஞர் செபிஷேவ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிறுவியிருந்தார். இராமானுசன் 1919 இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் அதற்கு மிகச் சுருக்கமான நிறுவுதல் ஒன்று வெளியிட்டார். அதற்கும் மேலே போய், எண்கள் வளர வளர அந்த இடைவெளியில் பகா எண்கள் ஒன்றல்ல, இரண்டல்ல, வேண்டிய அளவு பெருகும் என்றும் காட்டினார். கொழுந்துக் கணக்கில் சொன்னால், இரண்டாம் நாள் தொடங்கி, ஒரு நாளின் அளவுக்கும் மறுநாளின் அளவுக்கும் இடையே பகா எண் இல்லாத நாள் கிடையாது.

இருப்பதை அறிதல் வேறு. கையிலுள்ள ஓர் எண் பகா எண்தானா என்று சோதித்தல் வேறு. மெர்சென் எண்களுக்கு லூக்கா தந்து, 1930 அளவில் அமெரிக்கரான லேமர் செப்பனிட்ட ஓர் எளிய சோதனை உண்டு. நான்கில் தொடங்குக. வர்க்கமாக்கி இரண்டைக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மிஞ்சியதை மட்டும் வைத்துக்கொள்க. ஐந்து நாள் மொத்தமாகிய 31க்கு இதைச் செய்தால், நான்கு பதினான்காகும். பதினான்கு 194 ஆகும். 31 ஆல் வகுத்தால் எட்டு மிஞ்சும். எட்டு 62 ஆகும், மிஞ்சுவது ஒன்றுமில்லை. குறித்த படியில் ஒன்றும் மிஞ்சாவிடில் அது பகா எண். ஐந்து நாளுக்கு மூன்று படி. முப்பத்தொரு நாளுக்கு இருபத்தொன்பது படி. 2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட மெர்சென் பகா எண்ணுக்கும் இச்சோதனையே உறுதி தந்தது. அங்கே நாட்களின் எண்ணிக்கை 136,279,841. மொத்தத்தின் இலக்கங்கள் மட்டும் நான்கு கோடியே பத்து இலட்சத்துக்கு மேல்.

மெர்சென் வடிவில் இல்லாத எண்களுக்கு என்ன செய்வது? எந்த எண்ணானாலும், ஊகத்துக்கு இடமின்றி, நியாயமான கால அளவில் சோதித்துவிட முடியுமா என்ற வினா நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது. 2002 ஆகஸ்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வாலும், அவருடைய மாணவர்களான நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இருவரும் முடியும் என்று நிறுவினர். உலகப் பெருங்கணிதர்கள் தேடிய விடை ஒன்பது பக்கக் கட்டுரையொன்றில், இளைஞர் இருவரின் துணையோடு வந்தது. அவர்கள் கையாண்ட கருவி, ஃபெர்மா கண்ட அதே பழைய உண்மையின் விரிவுதான்.

ஓய்லரின் எண்ணை ஊவா மக்கள் இன்னொரு முறையும் சந்திக்க இருக்கின்றனர். பழைய அமைப்புக் கணினிகள் பல, 1970 ஜனவரி முதல் நாள் கிரீனிச் நள்ளிரவு தொடங்கி விநாடிகளை எண்ணியே காலத்தை அறிகின்றன. அவற்றின் எண்ணும் பெட்டிக்குள் அடங்கும் பெரிய எண் 2,147,483,647. இரட்டித்து இரட்டித்து முப்பத்தொரு இடங்கள் நிரம்பினால் வரும் மொத்தம் அதுவல்லவா? அந்த விநாடி 2038 ஜனவரி 19 ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, இலங்கை நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு வரும். தைப்பொங்கல் கழிந்து சில நாளே ஆகியிருக்கும். கொழுந்து மலையில் வேலை தொடங்கியிருக்கும் நேரம். அதற்குள் திருத்தப்படாத கணினிகள் மறு விநாடியில் காலத்தைத் தவறாகக் காட்டும். திருத்தும் வேலை பல இடங்களில் நடந்து வருகிறது.

எண்ணைச் சோதித்து அறிதல் என்பது மலைநாட்டு மக்களுக்கு ஒருபோதும் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. ஒரு காலத்தில் தோட்டம் மாறிச் செல்ல விரும்பிய தொழிலாளி, அவனுடைய கடன் இவ்வளவு என்று எழுதப்பட்ட துண்டுச்சீட்டோடுதான் செல்லவேண்டியிருந்தது. அந்தக் கடனை ஏற்கும் தோட்டமே அவனை ஏற்றுக்கொள்ளும். அச்சீட்டில் எழுதிய எண் சரியா, தவறா என்று பார்க்கும் எழுத்தறிவு அவர்களிற் பலருக்கு இருக்கவில்லை. எழுதியவர் சொன்னதே கணக்கு. 1921 இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மூன்று ஆண்டு கழித்து, 1924 இல், புகையிரதம் பதுளைக்கு வந்து சேர்ந்தது. சீட்டுக்குக் கட்டுப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றனர். பதுளையில் 2005 இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தோன்றியது.

மெர்சென் பெரிய மனிதர். அவர் சொன்ன 67 தவறாகவே இருந்தது. பார்வையிழந்த ஓய்லரின் 31 சரியாக இருந்தது. இரண்டையும் பிரித்துக் காட்டியது அவர்களுடைய பெருமை அன்று. வகுத்துப் பார்த்த கணக்கு. பகா எண்களின் உலகில் துரைக்கு ஒரு விடை, தொழிலாளிக்கு ஒரு விடை என்பது கிடையாது. லயத்து அறையில் விளக்கின் அருகே அமர்ந்து, 2,147,483,647 ஐ 311 ஆல் வகுத்துப் பார்க்கும் சிறுமிக்கும் 35 மிஞ்சும். சென் பீட்டர்ஸ்பர்க்கில் ஓய்லருக்கும் 35தான் மிஞ்சியது. வகுத்து முடித்தபின், மறுநாட் காலையில் தாயின் கொழுந்துச் சீட்டையும் அவள் ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம்.